பள்ளத்தாக்குக்கு ஒரு பள்ளி மகமை

கல்விச் சீர் என்று ஒரு வழக்கம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சில ஆண்டுகளாக வேரூன்றி வருகிறது. கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டு போவதைப் போலவே ஊர்க்காரர்கள் மேளதாளத்தோடு, தாம்பாளத் தட்டுகளை ஏந்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். தட்டுகளில் நோட்டுக் கட்டும் பென்சில் டப்பாவும் இருக்கும். பின்னால் வரும் டாட்டா ஏஸ் வண்டியில் பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி, சுவர்க் கடிகாரம், இரும்பு பீரோ, எவர்சில்வர் குடம் எல்லாம் இருக்கும். தலைமையாசிரியர் வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வரவேற்பார். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வரும். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்தத் தட்டுகளில் ஒருநாளும் வராத சில உண்டு. வட்டாரக் கபடிப் போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேனின் வாடகை, மாலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் பார்க்கும் ஒருவருக்கான மாதச் சம்பளம், வாரம் ஒருநாள் வந்து போகும் சிலம்ப வாத்தியாருக்கான படி, செய்முறை வகுப்பில் தீர்ந்துபோகும் அமிலமும் லிட்மஸ் தாளும், இவையெல்லாம் தட்டில் வைத்துத் தூக்க முடியாதவை. மாதாமாதம் சிறுகச் சிறுக வந்துகொண்டே இருக்க வேண்டிய பணம் அது. தேனி மாவட்டத்தின் வியாபாரம் அந்தப் பணத்தைத் தர முடியும், தர வேண்டும், அதற்கான வழி, ஒவ்வொரு வியாபாரத்திலும் பொதுவுக்கென்று சிறு தொகை பிடிக்கும், தென்தமிழ்நாட்டுக் கடைவீதிகளுக்குப் பழக்கமான மகமைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு பள்ளியின் கைக்கு என்ன வருகிறது என்று பார்த்துவிடலாம். ஆசிரியர் சம்பளத்தை அரசு நேரடியாகக் கொடுத்துவிடுகிறது. கட்டடத்துக்குத் தனித் திட்டங்கள் இருக்கின்றன. பாடநூல், சீருடை, காலணி, சத்துணவு, காலை உணவு எல்லாம் வந்துவிடுகின்றன. இதில் தமிழ்நாடு எந்த மாநிலத்துக்கும் சளைத்ததல்ல. இவற்றுக்கு அப்பால் பள்ளி தன் விருப்பப்படி செலவழிக்க வரும் பணம், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கை 30 வரை என்றால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். விளையாட்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய் என்பது உச்சவரம்பு. தொண்ணூறு பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 25,000 ரூபாயைப் பள்ளி நடக்கும் 220 நாள்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 115 ரூபாய்கூடத் தேறாது. அதற்குள் சாக்பீஸ், துடைப்பம், பினாயில், குழாய் ரிப்பேர், பதிவேடு, குடியரசு தின மிட்டாய் எல்லாம் அடங்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கென்றே ஒதுக்கியாக வேண்டும். கலைத் திருவிழாவில் வட்டார அளவில் முதலிடம் பிடித்த பறையாட்டக் குழுவை மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போகும் செலவு இந்தக் கணக்கில் எங்கே வரும்? பெரும்பாலும் ஆசிரியரின் சட்டைப் பையிலிருந்துதான் வருகிறது. ஆசிரியர் நல்லவராக அமைந்தால் பிள்ளைகள் போகிறார்கள், இல்லாவிட்டால் இல்லை.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் குறைக்கு இன்னொரு கூர்மை இருக்கிறது. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்புகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள் அவை; ஆட்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளை எழும் முன் அம்மா போய்விடுகிறார். இருட்டுக் கட்டும் நேரத்தில்தான் திரும்புகிறார். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது, மாநிலத்திலேயே அதன் அருமையை அதிகம் உணர்ந்த ஊர்களில் இவை இருந்திருக்கும். ஆனால் மாலை நாலு மணிக்கு மணி அடித்தபின் அந்தப் பிள்ளைக்குப் போக்கிடம் பூட்டிய வீட்டின் திண்ணைதான். அம்மா திரும்பும் வரையிலான இந்த இரண்டரை மணி நேரத்துக்குத்தான் பள்ளத்தாக்கின் பள்ளிகளுக்கு முதலில் திட்டம் வேண்டும். பள்ளி வளாகத்திலேயே ஒரு கிண்ணம் சுண்டல், வீட்டுப்பாடத்துக்கு உதவ உள்ளூரில் பட்டம் படித்த ஒரு பெண், பந்து, புத்தகம், கதவைப் பூட்ட ஒருவர், இவ்வளவுதான். பெருந்தொற்றுக்குப் பின் 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்களை வைத்து மாலை வகுப்பு நடத்த முடியும் என்று காட்டியது. அதைப் பள்ளத்தாக்கின் வேலை நேரத்துக்கு ஏற்பத் தொடர்ந்து நடத்துவதற்கு ஆகும் செலவைச் சென்னையிலிருந்து போடும் பட்ஜெட் கவனிக்காது. கவனிக்கக்கூடியவர்கள் அந்த ஜீப்பில் போகிறவர்கள் பறிக்கும் சரக்கில் வியாபாரம் செய்பவர்கள்.

வியாபாரத்திலிருந்து பள்ளிக்கூடம் நடத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிய சங்கதி அல்ல. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கள் பேட்டைகளைப் பராமரிக்க மகமை வசூலிக்கத் தொடங்கினார்கள். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கொள்முதலிலும் விற்பனையிலும் சிறு தொகை பிடித்து, உறவின்முறை என்ற தங்கள் சமூகச் சங்கத்தின் பொதுப் பெட்டியில் போடுவார்கள். அந்தப் பெட்டியிலிருந்து கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள். 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியும் அதற்குத் துணை. காமராசர் படித்த பள்ளி அது. இந்த ஏற்பாட்டின் சிறப்பு வள்ளல்தன்மையில் இல்லை. யாரும் எதையும் தாராளமாகக் கொடுத்துவிடவில்லை. வியாபாரம் நடக்கும் கணத்திலேயே, கை பணத்தைத் தொடும் முன்பே, பொதுப் பங்கு பிரிந்துவிட்டது. நல்ல ஆண்டில் பெட்டி நிரம்பியது, மோசமான ஆண்டில் குறைந்தது, ஆனால் ஓர் ஆண்டும் வற்றவில்லை. கொடுத்தவரிடம் மறுபடி மறுபடி போய்க் கைகட்டி நிற்கும் வேலை தலைமையாசிரியருக்கு இல்லாமல் போனது. இன்றும் தென்மாவட்டக் கமிஷன் கடைகளின் பில்லில் மகமை என்று ஒரு வரி இருப்பதைப் பார்க்கலாம். பழகிய வரி என்பதால் யாரும் அதை வரியாக நினைத்து முகம் சுளிப்பதில்லை.

தேனிப் பக்கத்துக்கும் இந்த மரபு வந்து சேர்ந்தது, அதுவும் ஒரு சமூகத்தோடு நின்றுவிடவில்லை. தேனி மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை நடத்தும் நாடார் சரஸ்வதி கல்வி நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிறார்கள். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் 1956-இல் தொடங்கிய ஹவுதியா கல்லூரி, பள்ளத்தாக்கின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கியது. போடிநாயக்கனூரில் ஏல விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே, சி.பி.ஏ. கல்லூரி என்ற சுருக்கத்தில், ஒரு கல்லூரி இருக்கிறது. ஏலக்காய்க்கு விலை பேசச் சேர்ந்த சங்கம் தன் பெயரில் ஒரு கல்லூரியையும் தாங்கி நிற்கிறது என்பது இந்தியாவில் எத்தனை சரக்குகளுக்கு வாய்த்த பெருமை? ஆக, இந்த ஊர் வியாபாரிகளுக்குக் கல்வியின் மதிப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். வணிகப் பணம் வணிகர்களே நிர்வகிக்கும் நிறுவனங்களுக்குப் போனது. மலையடிவாரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும், அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அந்தப் பெட்டிக்கு வெளியே நின்றன. தோட்டத்து ஜீப்பில் போகும் தாயின் பிள்ளை படிப்பது இந்தப் பள்ளிகளில்தான். அன்று உறவின்முறை தன் பிள்ளைகளுக்காக ஒதுக்கியதை, இன்று கடைவீதி தன் ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் ஒதுக்க முடியுமா என்பதே கேள்வி.

இதற்குத்தான் சட்டமே இருக்கிறதே என்று கேட்கலாம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. ஆனால் யாரை? நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனியை மட்டும். கம்பத்துத் திராட்சை மண்டியும், சின்னமனூர் வாழைத்தார்க் கடையும், போடி ஏலக்காய் ஸ்டோரும், தேனி ஜவுளிக் கடையும் பெரும்பாலும் தனிநபர் பெயரிலோ பங்குதாரர் கூட்டிலோ நடப்பவை. அவை கம்பெனிகளே அல்ல என்பதால் எவ்வளவு புரண்டாலும் அந்தச் சட்டம் அவற்றைத் தொடாது. சென்னைக்கும் ஓசூருக்கும் பொருந்தும் சட்டம் அது. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இதைவிடப் பரந்தது. யாரும் எந்த அரசுப் பள்ளிக்கும் இணையத்தில் பணம் கொடுக்கலாம், பள்ளிகள் தங்கள் தேவையை அதில் பதிவேற்றலாம். நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். இரண்டும் நல்ல திட்டங்கள். இரண்டும் பெரும்பாலும் கட்டடத்திலும் சுற்றுச்சுவரிலும் போய் முடிகின்றன. கொடுப்பவருக்குக் கண்ணில் படும் பொருள் வேண்டும், அதிகாரிக்கு முடிவுச் சான்றிதழ் வேண்டும். மாலை நேரச் சுண்டலுக்கு எப்படி முடிவுச் சான்றிதழ் கொடுப்பது? தனிமனிதரின் பெருங்கொடைக்கும் இங்கே குறைவில்லை. மதுரை தத்தனேரியில் அப்பளமும் வடகமும் மோர் மிளகாயும் விற்ற ராஜேந்திரன் மாநகராட்சிப் பள்ளிக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து வகுப்பறைகள் கட்டிக் கொடுத்தார். கொடிக்குளத்தில் பூரணம் அம்மாள் 2024-இல் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள். ஆனால் ஒரு மாவட்டத்தின் பள்ளிகளை அபூர்வ மனிதர்களை நம்பி நடத்த முடியாது. சாதாரணக் கடைக்காரரின் சாதாரணப் பழக்கத்தை நம்பித்தான் நடத்த முடியும்.

எப்படி என்பதற்கு ஏலக்காயையே எடுத்துக்கொள்வோம். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. இடுக்கி மாவட்டத்துப் புத்தடியில் இன்னொன்று. ஏல அறையில் ஒவ்வொரு வியாபாரியின் முன்னும் ஒரு கணினி, பக்கத்தில் மாதிரிக்காய். ஒரு பிடி அள்ளி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒன்றிரண்டை நகத்தால் பிளந்து அரிசியின் கறுப்பைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார்கள். சில நொடிகளில் ஒரு குவியலின் விலை ரூபாய்க் கணக்கில் ஏறி நின்றுவிடுகிறது. இந்தியாவின் சிறு ஏலக்காய் விளைச்சல் ஆண்டுக்கு இருபதாயிரம் டன்னுக்கு மேல். அதில் ஆயிரம் டன்னை மட்டும், வாங்குபவர் கிலோவுக்கு 1 ரூபாய் மகமையோடு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் ரூபாய். ஆயிரங்களில் விலை போகும் சரக்கில் ஒரு ரூபாய் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மாதிரி பார்த்துச் சிதறும் காயின் மதிப்பு அளவுக்குக்கூட அது யாரையும் உறுத்தாது. இனிச் செலவைப் பார்க்கலாம். ஒரு பள்ளியில் மாலை நேரப் பொறுப்பாளருக்கு மாதம் 5,000 வீதம் பத்து மாதத்துக்கு 50,000, நாற்பது பிள்ளைகளுக்குத் தலைக்கு 8 ரூபாய்ச் சுண்டல் 200 நாளைக்கு 64,000, போட்டிப் பயணங்களுக்கு 20,000, புத்தகத்துக்கு 10,000. ஆக 1,44,000 ரூபாய். பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஏழு பள்ளிகள் ஓராண்டு நடக்கும். ஒரே சரக்கின் ஒரு சிறு பகுதி இது. வாழைக்குத் தாருக்கு இவ்வளவு, ஜவுளிக்கும் நகைக்கும் மாதம் இவ்வளவு, குமுளிச் சாலை ஓட்டல்களுக்கு இவ்வளவு என்று அந்தந்தச் சங்கமே தீர்மானித்துக்கொண்டால் ஒரு வட்டாரத்தையே தாங்கலாம்.

இனி மறுப்புகள். முதலாவது, மிக நியாயமானது: நாங்கள் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம், வருமான வரி கட்டுகிறோம், சந்தைக் கட்டணம் கட்டுகிறோம். பள்ளிக்கூடம் நடத்துவது அரசின் கடமை, மறுபடியும் ஏன் எங்களிடம் வருகிறீர்கள்? கடமை அரசுடையதுதான். 2025-26 மாநில பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். எந்தக் கடைவீதியாலும் அதன் ஓரத்தைக்கூடத் தொட முடியாது, தொடவும் கூடாது. மத்திய அரசு, தன் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைக் காரணம் காட்டி ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தர வேண்டிய 2,152 கோடியை நிறுத்தி வைத்ததே, அந்தப் பள்ளத்தை ஊர் மகமையால் நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் அது அரசுகளைத் தப்பவிடும் பேச்சு. எனவே ஒரு வரம்பு கட்டாயம் வேண்டும். ஆசிரியர் பணியிடம், கட்டடம், கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றுக்கு மகமையிலிருந்து ஒரு காசும் போகக் கூடாது. அவை இல்லாத இடத்தில் வியாபாரிகள் பணம் கொடுக்க வேண்டாம். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கட்டும், பெற்றோரோடு சேர்ந்து கேட்கட்டும். வசதியுள்ள வியாபாரியின் குரல் சேரும்போது மனு வேகமாக நகரும் என்பதும் நாம் அறிந்ததுதானே. அதே சமயம், அரசும் ஊரும் சேர்ந்து செய்வது அரசின் கடமையைக் குறைத்துவிடும் என்ற அச்சத்துக்கு நம் வரலாறே பதில் சொல்கிறது. 1950-களில் மதிய உணவு தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் திரட்டிக் கொடுத்ததில்தான் ஓடியது. பிறகு அரசு ஐந்தில் மூன்று பங்கை ஏற்றது. கடைசியில் முழுவதும் அரசின் திட்டமாகி, சட்டத்தால் உறுதிப்பட்ட உரிமையாகவே ஆகிவிட்டது. ஊர் செய்து காட்டியதை அரசு எடுத்துக்கொண்டது. 1958-இல் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நிலமும் பெஞ்சும் பூகோளப் படமும் கொண்டுவந்து குவித்தார்கள்; அந்த ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டில் அரசின் கல்விச் செலவும் ஏறியது. மாலை நேரத் திட்டம் ஏழு பள்ளிகளில் நன்றாக நடந்தால், எழுநூறு பள்ளிகளில் நடத்தச் சொல்லி அரசைக் கேட்க நம் கையில் சான்று இருக்கும்.

இரண்டாவது மறுப்பு வியாபாரிகளிடமிருந்து வராது, விவசாயியிடமிருந்து வரும். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாகப் படுகிறது. மண்டியில் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கழிவு என்று ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் விவசாயி கையில் பணம் தருகிறார்கள். அதில் பள்ளி மகமை என்று இன்னொரு வரி சேர்ந்தால் புண்ணியம் மண்டிக்காரருக்கு, பணம் விவசாயிக்கு என்று ஆகிவிடும். பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது, பெருமைதான். ஆனால் மழை பெய்து பழம் வெடித்த வாரத்தில் பந்தலில் நிற்கும் காமயகவுண்டன்பட்டிக்காரருக்கு அந்தக் குறியீடு சோறு போடாது. ஆகவே மகமை வாங்குபவர் பக்கமும் கமிஷன் கடை பக்கமும் மட்டுமே பிடிக்கப்பட வேண்டும். விவசாயிக்குத் தரும் பில்லில் அந்த வரி வரவே கூடாது. வாங்குபவரிடம் பிடித்தாலும் அவர் அதை விலையில் குறைத்துக்கொள்வார், எப்படியும் விவசாயி தலையில்தான் விடியும் என்று ஒரு பொருளாதார வாதம் உண்டு. முற்றிலும் தவறான வாதமல்ல. அதனால்தான் விலை மலிந்த அழுகல் சரக்குக்கு மகமை வேண்டாம் என்றும், ஏலக்காய் போன்ற விலையுயர்ந்த சரக்கிலிருந்தும் நகை, ஜவுளி போன்ற சில்லறைக் கடைகளிலிருந்தும் தொடங்க வேண்டும் என்றும் சொல்கிறேன். திராட்சை மண்டிகள் கடைசியில் வரட்டும்.

மூன்றாவது மறுப்பு: பணம் கொடுப்பவர் சும்மா இருக்க மாட்டார். மின்விசிறியின் இறக்கையில்கூட உபயதாரர் பெயரை எழுதும் நாடு இது. நாளைக்குச் சீருடையில் விளம்பரம் வரும், மேலாண்மைக் குழுவில் இடம் கேட்பார், தன் சாதிக்காரர் படிக்கும் பள்ளியைத்தான் தேர்ந்தெடுப்பார். 2024 டிசம்பர் கடைசியில், தனியார் பள்ளிகள் 500 அரசுப் பள்ளிகளைத் ‘தத்து’ எடுக்கப் போவதாக ஒரு பேச்சு எழுந்ததும் எவ்வளவு எதிர்ப்புக் கிளம்பியது என்பதை மறக்க முடியாது. பள்ளிகளைத் தாரைவார்க்கவில்லை என்று அமைச்சரே விளக்க வேண்டியிருந்தது. அந்த எதிர்ப்பு ஆரோக்கியமானது. அமெரிக்காவில் ஒரு பெரிய உணவுக் கம்பெனி 1996-லிருந்து, தன் டப்பாக்களில் அச்சிட்ட சிறு கூப்பனை வெட்டிச் சேர்த்துப் பள்ளியில் கொடுத்தால் ஒன்றுக்கு 10 சென்ட் என்று ஒரு திட்டம் நடத்தியது. பள்ளிகளுக்குப் பணம் போனது. கூடவே ஒவ்வொரு வீட்டுக் குழந்தையும் அந்தக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி ஆனது. நமக்கு அது வேண்டாம். மகமையின் இயல்பிலேயே இதற்கு மாற்று இருக்கிறது. பொதுப் பெட்டியில் விழும் ரூபாய்க்கு முகம் கிடையாது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், பள்ளிச் சுவரில் இருக்காது. எந்தப் பள்ளிக்கு என்ன என்று முடிவு செய்வது பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், அரசு மானியம் மட்டுமல்ல, பிற வழிகளில் வரும் பணத்தின் செலவையும் கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை என்று சட்டத்தின் 21, 22-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. தோட்டத்துக்குப் போகும் தாய் அந்தக் குழுவில் கையெழுத்துப் போடுபவராக இருக்கிறார். கொடுப்பவருக்கு அங்கே நாற்காலி தேவையில்லை.

சாதிக் கேள்வியும் ஊர்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வும் ஒன்றோடொன்று பின்னியவை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தைச் சுற்றி வியாபாரம் செழிக்கிறது. மானாவாரியை நம்பி நிற்கும் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாட்டுப் பக்கத்தில் மண்டிகள் குறைவு, கடைகள் குறைவு. பள்ளிகள் இருக்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊர் வியாபாரம் ஊர்ப் பள்ளிக்கு என்று மட்டும் விட்டுவிட்டால் கம்பத்துப் பள்ளியில் கராத்தேயும் வருசநாட்டுப் பள்ளியில் கரும்பலகையும் என்ற நிலைதான் மிஞ்சும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பல ஆண்டுகள் ஒரு விதி இருந்தது: ஒரு பள்ளிக்காகப் பெற்றோர் திரட்டும் பணத்தில் முதல் 10,000 டாலர் போக, மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏழைப் பகுதிப் பள்ளிகளின் பொது நிதிக்குப் போக வேண்டும். பணக்காரப் பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள். தேனியில் மகமையைத் தொடங்கும் நாளிலேயே இந்த மூன்றில் ஒரு பங்கை எழுதி வைத்துவிட வேண்டும். பணம் வரத் தொடங்கிய பின் கேட்டால் யாரும் விடமாட்டார்கள்.

கட்டாய வசூல் என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு வார்த்தை. திருவிழா, கட்சி மாநாடு, கிரிக்கெட் போட்டி என்று ரசீதுப் புத்தகத்தோடு ஆள் வராத மாதமே கடைக்காரருக்குக் கிடையாது. இதுவும் அப்படி இன்னொன்றாகிவிட்டால் ஆறு மாதத்தில் செத்துவிடும். எனவே ஆள் அனுப்பி வசூலிக்கக் கூடாது. சங்கம் பொதுக்குழுவில் தீர்மானித்து, பில்லிலேயே பிடித்து, வங்கி மூலம் மட்டுமே கட்ட வேண்டும். வருமான வரிச் சலுகையைக் காட்டி ஆசை மூட்டுவதிலும் அதிகப் பயனில்லை. 80ஜி பிரிவில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குச் சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருக்கும் தனிநபருக்கு அந்தப் பிரிவே பொருந்தாது. சலுகைக்காகக் கொடுப்பவரை நம்பிக் கட்டும் ஏற்பாடு அடுத்த பட்ஜெட்டில் ஆடிவிடும். கடைக்காரரைத் தொடர்ந்து கொடுக்க வைப்பது கணக்கு ஒன்றுதான். எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது, சுண்டலுக்கு எவ்வளவு, வேனுக்கு எவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு தாளில் அச்சடித்துச் சங்க அலுவலகத்திலும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினால் போதும்.

போடி ஏலக்காய் வியாபாரிகளும், தேனி ஜவுளி, நகைக் கடைக்காரர்களும், கம்பம், சின்னமனூர் கமிஷன் கடைக்காரர்களும் தங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்கு முன், பக்கத்து அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவரை அழைத்து, கட்டடம் தவிர இந்த ஆண்டு பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்குங்கள். அவர் பெரும்பாலும் ஒரு தாயாக இருப்பார். தோட்டத்து வேலை முடிந்து வரும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.